இரட்சிப்பின் திட்டம் (மார்மனியம்)

இரட்சிப்பின் திட்டம் அல்லது மீட்பின் திட்டம் என்பது, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினர் கடவுள், மனித வாழ்வின் நோக்கம், மறுமை ஆகியவை பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கைகளின் தொகுப்பு ஆகும். மார்மன் நூலைத் திருநூல்களுள் ஒன்றாக ஏற்பதனால் இச்சபையினர் பொதுவாக மார்மன்கள் என அழைக்கப்பட்டு வந்துள்ளனர். 2018 ஆம் ஆண்டில் அப்போதைய சபைத் தலைவர் ரசல் எம். நெல்சன், இப்பெயரைத் தவிர்த்துச் சபையின் முழுப்பெயரையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டார். சபையின் தலைமையகம் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் நகரில் உள்ளது. உலகெங்கும் 1.7 கோடிக்கும் மேற்பட்டோர் உறுப்பினராகப் பதிவு செய்யப்பட்டுள்ளனர்.

மனிதர் எங்கிருந்து வந்தனர், எதற்காக இவ்வுலகில் வாழ்கின்றனர், இறந்தபின் எங்கு செல்வர் என்னும் மூன்று வினாக்களுக்கு விடையாக இத்திட்டம் கற்பிக்கப்படுகின்றது. கடவுள் மனித ஆவிகளின் உண்மையான தந்தை என்பதும், இறப்பினால் பிரிந்த குடும்பம் மீண்டும் ஒன்றுசேர இயலும் என்பதும் இதன் அடிப்படைக் கருத்துகள் ஆகும். பிற கிறித்தவ சபைகளுடன் மார்மனியர் வேறுபடும் இடங்கள் பலவும் இவ்விரு கருத்துகளிலிருந்தே தோன்றியவை.

தோற்றம்

மார்மனியத்தைத் தோற்றுவித்தவர் ஜோசப் ஸ்மித் (1805–1844) ஆவார். நியூயார்க் மாநிலத்தின் பல்மைரா ஊருக்கு அருகில் வாழ்ந்த இவர், 1820 ஆம் ஆண்டில் தோப்பு ஒன்றில் வேண்டுதல் செய்தபோது இறைக்காட்சி பெற்றதாகக் கூறினார். 1830 மார்ச் மாதத்தில் மார்மன் நூலை வெளியிட்டு, அவ்வாண்டு ஏப்ரல் 6 அன்று சபையை நிறுவினார்.

மறுமை பற்றிய மார்மனியக் கருத்துகள் ஒரே நாளில் உருவானவை அல்ல. அவை 1830 முதல் 1844 வரை, பல வெளிப்பாடுகள் வழியாகப் படிப்படியாக வளர்ந்தன. இவ்வளர்ச்சியில் ஸ்மித் குடும்பத்தில் நேர்ந்த ஓர் இழப்புக்கு முக்கிய இடமுண்டு. ஜோசப் ஸ்மித்தின் மூத்த சகோதரர் ஆல்வின், 1823 நவம்பர் 19 அன்று தமது 25 ஆவது வயதில் திருமுழுக்குப் (ஞானஸ்நானம்) பெறாமலே இறந்தார். எச்சபையிலும் சேராத ஆல்வின் நரகத்துக்குச் சென்றிருப்பார் என்னும் பொருள்பட இறுதிச் சடங்கில் போதகர் பேசியதாக, இளைய சகோதரர் வில்லியம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1836 சனவரி 21 அன்று ஒகையோ மாநிலத்தின் கர்ட்லண்டு ஆலயத்தில், ஆல்வினை விண்ணகத்தின் மிக உயர்ந்த அரசில் கண்டதாக ஜோசப் ஸ்மித் அறிவித்தார். நற்செய்தியை அறியாமல் இறந்து, அறிந்திருந்தால் ஏற்றிருக்கக்கூடியவர்கள் யாவரும் அவ்வரசை அடைவர் என்னும் போதனை இக்காட்சியிலிருந்து எழுந்ததாகும்.

திருநூல்கள்

விவிலியத்துடன் மார்மன் நூல், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்து ஆகிய மூன்று நூல்களையும் இச்சபையினர் திருநூல்களாகக் கொள்கின்றனர். இரட்சிப்பின் திட்டம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் பின்னிரு நூல்களில் காணப்படுகின்றன. இறைவெளிப்பாடு இன்றும் தொடர்கின்றது என்பது இவர்களது நம்பிக்கையாதலால், சபைத் தலைவர் இறைவாக்கினராகவும் மதிக்கப்படுகின்றார்.

கடவுள்

தேவத்துவம்

தந்தையாகிய கடவுள், அவருடைய மகன் இயேசு கிறிஸ்து, தூய ஆவி (பரிசுத்த ஆவி) ஆகிய மூவரையும் மார்மனியர் நம்புகின்றனர். ஆயினும் கி.பி. 325 இல் கூடிய நைசியா பொதுச்சங்கத்தின் வழிவந்த, மூவரும் ஒரே இறைப்பொருள் என்னும் திரித்துவக் கோட்பாட்டை இவர்கள் ஏற்பதில்லை. மூவரும் தனித்தனியான ஆட்கள் என்றும், நோக்கத்திலும் அன்பிலும் ஒன்றுபட்டு இயங்குகின்றனர் என்றும் கூறுவர். இம்மூவரின் கூட்டு தேவத்துவம் எனப்படுகின்றது.

1843 ஏப்ரல் 2 அன்று ஜோசப் ஸ்மித் அளித்த போதனையின்படி, தந்தைக்கும் மகனுக்கும் தசையும் எலும்பும் கொண்ட உடல் உண்டு. தூய ஆவி மட்டும் உடலற்ற ஆவியாக இருக்கின்றார். கடவுள் தம் சாயலில் மனிதரைப் படைத்தார் என்னும் தொடக்கநூல் செய்தியை மார்மனியர் நேர்ப்பொருளிலேயே கொள்கின்றனர். 1835 இல் வெளியான "விசுவாசம் பற்றிய விரிவுரைகள்" தந்தையை ஆவியாக விளக்கின. கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலில் இடம்பெற்றிருந்த இவ்விரிவுரைகள் 1921 ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டன.

பழைய ஏற்பாட்டில் யெகோவா எனக் குறிக்கப்படுபவர் மனிதப் பிறப்பு எடுப்பதற்கு முந்தைய இயேசுவே என்பதும் இவர்களது நம்பிக்கையாகும். தந்தையை எலோகிம் என்னும் பெயரால் குறிப்பர். 1916 இல் சபைத் தலைமை வெளியிட்ட விளக்கவுரை இப்பெயர் வழக்கை உறுதிப்படுத்தியது.

கடவுளும் மனிதரும்

1844 ஏப்ரல் 7 அன்று இலினொய் மாநிலத்தின் நவூ நகரில் ஜோசப் ஸ்மித் ஆற்றிய உரை, கிங் ஃபாலெட் உரை என அறியப்படுகின்றது. கிணறு தோண்டும்போது நேர்ந்த விபத்தில் இறந்த கிங் ஃபாலெட் என்னும் உறுப்பினரின் நினைவாக இது நிகழ்த்தப்பட்டதால் இப்பெயர் பெற்றது. கடவுள் ஒரு காலத்தில் மனிதரைப்போல் ஓர் உலகில் வாழ்ந்தவர் என்றும், மனிதரும் படிப்படியாக உயர்ந்து அவரைப்போல் ஆகலாம் என்றும் இவ்வுரையில் அவர் கூறினார். இதன்பின் மூன்று மாதம் நிறைவதற்குள், சூன் 27 அன்று, கார்த்தேஜ் சிறையில் அவரும் அவருடைய சகோதரர் ஹைரமும் கும்பலொன்றால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிங் ஃபாலெட் உரை திருநூலில் சேர்க்கப்படவில்லை. கடவுளின் முற்காலம் பற்றிச் சபை விரிவாகக் கற்பிப்பதில்லை. மனிதர் கடவுளைப்போல் ஆகலாம் என்னும் பகுதி தொடர்ந்து போதிக்கப்பட்டு வருகின்றது. 2014 இல் சபை இதுபற்றித் தனிக் கட்டுரை ஒன்றையும் வெளியிட்டது.

முற்காலத் தலைவர்கள் கூறிய யாவும் கோட்பாடாக நிலைக்கவில்லை. ஆதாமே தந்தையாகிய கடவுள் எனப் பொருள்படும் வகையில் இரண்டாம் தலைவர் பிரிகாம் யங் 1852 முதல் போதித்தார். இக்கருத்தைச் சபைத் தலைவர் ஸ்பென்சர் டபிள்யூ. கிம்பல் 1976 இல் தவறான கோட்பாடெனக் கண்டித்தார்.

விண்ணகத் தாய்

மனித ஆவிகளுக்கு விண்ணகத் தந்தையோடு விண்ணகத் தாயும் உண்டு என்பது மார்மனியருக்கே உரிய நம்பிக்கையாகும். எலைசா ஆர். ஸ்னோ என்னும் பெண் கவிஞர் 1845 இல் வெளியிட்ட கவிதை இதனைப் பரவலாக அறியச் செய்தது. 1995 இல் சபை வெளியிட்ட குடும்பம் பற்றிய அறிக்கையும் மனிதரை விண்ணகப் பெற்றோரின் மக்கள் எனக் குறிப்பிடுகின்றது. எனினும் வேண்டுதல்கள் தந்தையை நோக்கியே செய்யப்படுகின்றன. விண்ணகத் தாய்க்கு வழிபாடு இல்லை.

பிறப்புக்கு முந்தைய வாழ்வு

மனிதர் யாவரும் பிறப்பதற்கு முன் கடவுளின் ஆவி மக்களாக அவருடன் வாழ்ந்தனர் என மார்மனியர் நம்புகின்றனர். அறிவு எனப்படும் மனிதரின் அடிப்படைக் கூறு படைக்கப்பட்டதன்று, என்றும் உள்ளது என 1833 இல் அளிக்கப்பட்ட வெளிப்பாடொன்று கூறுகின்றது. ஆகவே கடவுள் இன்மையிலிருந்து உலகைப் படைத்தார் என்னும் பொதுவான கிறித்தவக் கருத்தையும் இவர்கள் ஏற்பதில்லை; முன்பே இருந்த பொருளை அவர் ஒழுங்கமைத்தார் என்பர்.

தம் மக்கள் முன்னேறும் பொருட்டு, அவர்கள் உடல் பெற்று உலகில் வாழ்வதற்கான திட்டத்தை விண்ணக ஆலோசனைச் சபையில் கடவுள் முன்வைத்தார். ஒருவரும் தவறிப்போகாதவாறு அனைவரையும் மீட்பதாகவும், அதற்கான பெருமையைத் தனக்கே தருமாறும் லூசிஃபர் கேட்டான். அது மனிதரின் தெரிவு செய்யும் உரிமையை அழிப்பதாக இருந்தது. பெருமையைத் தந்தைக்கே விட்டு, அவர் விருப்பப்படி மீட்பராக வர இயேசு முன்வந்தார். லூசிஃபரும் அவனைப் பின்பற்றிய மூன்றிலொரு பங்கு ஆவிகளும் வெளியேற்றப்பட்டனர். உலகில் பிறக்கும் ஒவ்வொருவரும் அன்று தந்தையின் திட்டத்தை ஏற்றவரே என்பது இப்போதனையின் முடிவாகும். இம்முந்தைய வாழ்வின் நினைவு பிறப்பின்போது மறைக்கப்படுகின்றது. இது மறுபிறவிக் கோட்பாட்டிலிருந்து வேறுபட்டது. மனிதர் ஒரு முறை மட்டுமே உலகில் பிறக்கின்றனர் என்பது இவர்களது கருத்து.

மண்ணுலக வாழ்வின் நோக்கம்

உடல் பெறுவது, நன்மை தீமைகளுக்கிடையே தெரிவு செய்யப் பழகுவது, குடும்பமாக வாழ்வது, கடவுளுடன் உடன்படிக்கைகள் செய்வது ஆகியவை மண்ணுலக வாழ்வின் நோக்கங்களாகக் கூறப்படுகின்றன. உடல் என்பது ஆவிக்குச் சிறையாகக் கருதப்படுவதில்லை. கடவுளுக்கும் உடல் உண்டு என்பதனால், உடல் பெறுதலே அவரை ஒத்தவராவதன் ஒரு படியாகின்றது. மது, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றை விலக்கும் சபையின் உணவு நெறியும் உடலைப் பேணுதல் என்னும் கருத்தோடு இணைந்ததாகும்.

ஆதாம், ஏவாள் ஆகியோரின் வீழ்ச்சியை மார்மனியர் பேரிழப்பாகக் காண்பதில்லை. வீழ்ச்சி நேராதிருந்தால் அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்திருக்க மாட்டார்கள், துன்பம் அறியாதவர் இன்பத்தையும் அறிந்திருக்க மாட்டார்கள் என மார்மன் நூலின் இரண்டாம் நேபி கூறுகின்றது. மனித வாழ்வின் நோக்கம் மகிழ்ச்சியே என்பதும் அந்நூலின் கருத்து. மனிதர் தம் பாவங்களுக்காகவே தண்டிக்கப்படுவர், ஆதாமின் மீறலுக்காக அன்று என்பது சபையின் விசுவாசப் பிரமாணங்களுள் இரண்டாவதாகும். ஆகவே குழந்தைத் திருமுழுக்கு இவர்களிடம் இல்லை. பிள்ளைகள் 8 வயதில் திருமுழுக்குப் பெறுகின்றனர். அதற்கு முன் இறக்கும் குழந்தைகள் சிலெஸ்டியல் அரசை அடைவர் என நம்பப்படுகின்றது.

மனிதர் தம் முயற்சியால் மட்டும் கடவுளிடம் திரும்ப இயலாது. இயேசு கெத்சமனித் தோட்டத்திலும் சிலுவையிலும் பட்ட பாடுகளால் பாவப்பரிகாரம் செய்தார். விசுவாசம், மனந்திரும்புதல், திருமுழுக்கு, தூய ஆவியைப் பெறுதல் ஆகியவற்றாலும், இறுதிவரை நிலைத்திருப்பதாலும் அப்பரிகாரத்தின் முழுப்பயனை மனிதர் அடைவர்.

மறுமை

ஆவி உலகம்

இறந்தவரின் ஆவி, உயிர்த்தெழும் காலம் வரை ஆவி உலகில் தங்குகின்றது. நீதிமான்கள் பரதீசு எனப்படும் இளைப்பாறும் நிலையிலும், மற்றையோர் ஆவிச்சிறை எனப்படும் நிலையிலும் இருப்பர்.

இதுபற்றிய விரிவான விளக்கம், ஆறாம் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் 1918 அக்டோபர் 3 அன்று பெற்றதாகக் கூறிய காட்சியில் உள்ளது. கார்த்தேஜ் சிறையில் கொல்லப்பட்ட ஹைரமின் மகனான இவர், அப்போது ஐந்து வயதுச் சிறுவராக இருந்தார். 1918 சனவரியில் இவருடைய மகனும் திருத்தூதருமான ஹைரம் மாக் ஸ்மித் இறந்தார். முதல் உலகப் போரும் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயும் பெரும் எண்ணிக்கையில் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. இறந்த இயேசு ஆவி உலகில் நீதிமான்களிடையே தோன்றி, ஆவிச்சிறையில் உள்ளோருக்கு நற்செய்தி அறிவிக்க அவர்களை அனுப்பினார் என்பதும், அப்பணி இன்றும் தொடர்கின்றது என்பதும் இக்காட்சியின் சாரமாகும். அவ்வாண்டு நவம்பர் 19 அன்று ஜோசப் எஃப். ஸ்மித் இறந்தார். இக்காட்சி 1976 இல் திருநூலாக ஏற்கப்பட்டது; இப்போது கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் 138 ஆம் பிரிவாக உள்ளது.

மகிமையின் மூன்று அரசுகள்

இயேசுவின் உயிர்த்தெழுதலால் நல்லோர், தீயோர் என்னும் வேறுபாடின்றி அனைவரும் அழியா உடலுடன் எழுவர். தீர்ப்புக்குப் பின் ஏறக்குறைய அனைவரும் மகிமையின் மூன்று அரசுகளுள் ஒன்றைப் பெறுவர். 1832 பிப்ரவரி 16 அன்று ஒகையோவின் ஹைரம் ஊரில் ஜோசப் ஸ்மித்தும் சிட்னி ரிக்டனும் கண்டதாகக் கூறப்படும் காட்சியே இதற்கு அடிப்படை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல் கூறும் கதிரவன், நிலவு, விண்மீன் ஆகியவற்றின் ஒளி வேறுபாட்டுடன் இவ்வரசுகள் ஒப்பிடப்படுகின்றன.

* சிலெஸ்டியல் அரசு: கதிரவனின் ஒளிக்கு ஒப்பானது. உடன்படிக்கைகளைக் காத்தவர்கள் தந்தையுடனும் மகனுடனும் வாழ்வர். இதற்குள் மூன்று நிலைகள் உண்டு.
* டெரெஸ்ட்ரியல் அரசு: நிலவின் ஒளிக்கு ஒப்பானது. நன்மக்களாக வாழ்ந்தும் நற்செய்தியை ஏற்காதவர்களும், ஏற்றும் உறுதியாக நில்லாதவர்களும் அடைவது.
* டிலெஸ்டியல் அரசு: விண்மீன்களின் ஒளிக்கு ஒப்பானது. பொய்யர், விபசாரர் முதலியோர் தம் பாவங்களுக்காகத் துன்புற்ற பின்னர் அடைவது. இதன் மகிமையும் மனித அறிவுக்கு எட்டாத அளவு சிறந்தது என அக்காட்சி கூறுகின்றது.

இறை உண்மையை முழுமையாக அறிந்தபின் அதனை எதிர்த்து நிற்கும் மிகச் சிலர் மட்டும் கேட்டின் மக்கள் எனப்பட்டுப் புறம்பான இருளுக்குச் செல்வர். ஆகவே பெரும்பாலோர் முடிவின்றித் துன்புறும் நரகம் என்னும் கருத்து மார்மனியத்தில் இல்லை. 1832 இல் இக்காட்சி வெளியானபோது, தீயோருக்கும் மகிமை உண்டு என்பதை ஏற்க உறுப்பினர் சிலரே தயங்கினர்.

மேன்மைப்படுதல்

சிலெஸ்டியல் அரசின் மிக உயர்ந்த நிலையை அடைவது மேன்மைப்படுதல் எனப்படும். அந்நிலையில் கணவனும் மனைவியும் பிரியாது வாழ்ந்து, கடவுளைப்போல் ஆவி மக்களைப் பெறுவர் என நம்பப்படுகின்றது. அப்போதும் அவர்கள் தந்தையாகிய கடவுளையே வழிபடுவர். ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட திருமணம் இதற்கு இன்றியமையாதது. வாழ்நாளில் அவ்வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கு அது மறுக்கப்படாது எனச் சபை கூறுகின்றது.

குடும்பமும் இறந்தோருக்கான சடங்குகளும்

முத்திரித்தல் என்பது கணவன் மனைவியரையும், பெற்றோர் பிள்ளைகளையும் இறப்புக்கு அப்பாலும் இணைக்கும் ஆலயச் சடங்காகும். இதனை விளக்கும் 1843 ஆம் ஆண்டு வெளிப்பாடே பலதார மணத்தையும் அனுமதித்தது. பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கையை நான்காம் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் 1890 இல் வெளியிட்டார்.

திருமுழுக்கு இன்றியமையாதது எனின், அதனைப் பெறாமல் இறந்தோரின் நிலை என்ன என்னும் வினா எழுகின்றது. இறந்தவருக்குப் பதிலாக உயிருடன் இருப்பவர் திருமுழுக்குப் பெறுவதே மார்மனியரின் விடையாகும். 1840 ஆகத்து 15 அன்று நவூவில் சீமர் பிரன்சன் என்பவரின் இறுதிச் சடங்கில் ஜோசப் ஸ்மித் இதனை முதன்முதலில் வெளிப்படையாகப் போதித்தார். திருமுழுக்கின்றி மகனை இழந்த ஜேன் நெய்மன் என்னும் தாய், மிசிசிப்பி ஆற்றில் அம்மகனுக்காகத் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் இச்சடங்கு ஆலயங்களில் மட்டும் நடைபெறலாயிற்று. தரிப்பித்தல், முத்திரித்தல் முதலிய பிற சடங்குகளும் இறந்தோருக்காகச் செய்யப்படுகின்றன. இச்சடங்கால் இறந்தவர் தாமாகவே சபை உறுப்பினர் ஆவதில்லை. அதனை ஏற்பதும் மறுப்பதும் ஆவி உலகில் அவரவர் விருப்பம் எனச் சபை விளக்குகின்றது.

இச்சடங்குகளுக்கு இறந்தோரின் பெயர் விவரங்கள் தேவைப்படுவதால், மார்மனியர் குடும்ப வரலாற்று ஆய்வில் பேரார்வம் காட்டுகின்றனர். 1894 இல் யூட்டா மரபுவழிச் சங்கம் நிறுவப்பட்டது. 1938 முதல் பல நாடுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் நுண்படச்சுருள்களில் பதிவு செய்யப்பட்டன. சால்ட் லேக் நகருக்கு அருகில் கருங்கல் மலையைக் குடைந்து அமைத்த பெட்டகத்தில் இவை பாதுகாக்கப்படுகின்றன. சுமார் 24 இலட்சம் சுருள்களை எண்ணிம வடிவுக்கு மாற்றும் பணி 2021 இல் நிறைவடைந்தது. சபையைச் சேராதவர்களும் ஃபேமிலிசேர்ச் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

இன அடிப்படையிலான தடை

ஆலயச் சடங்குகள் மேன்மைப்படுதலுக்கு இன்றியமையாதவை என்பதனால், அவற்றிலிருந்து ஒருவரை விலக்குவது மறுமையையே மறுப்பது போலாயிற்று. ஜோசப் ஸ்மித்தின் காலத்தில் எலைஜா ஏபல் உள்ளிட்ட கறுப்பின ஆண்கள் சிலர் ஆசாரியத்துவம் (குருத்துவம்) பெற்றிருந்தனர். 1852 இல் பிரிகாம் யங் கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என அறிவித்தார். அதனைத் தொடர்ந்து கறுப்பின ஆண், பெண் இருபாலாரும் தரிப்பித்தல், முத்திரித்தல் ஆகிய சடங்குகளிலிருந்து விலக்கப்பட்டனர். நவூவில் ஜோசப் ஸ்மித்தின் இல்லத்தில் பணிபுரிந்த ஜேன் மானிங் ஜேம்ஸ் என்னும் கறுப்பினப் பெண், இச்சடங்குகளைப் பெறப் பலமுறை சபைத் தலைவர்களிடம் வேண்டினார். 1894 இல் ஸ்மித் குடும்பத்துக்குப் பணியாளராக மட்டும் அவர் முத்திரிக்கப்பட்டார். 1908 இல் அவர் இறந்தார். அவர் வேண்டிய தரிப்பித்தல் சடங்கு 1979 இல் அவருக்குப் பதிலாக வேறொருவரைக் கொண்டு செய்யப்பட்டது.

பிறப்புக்கு முந்தைய வாழ்வில் கறுப்பினத்தவர் குறைவான உறுதி காட்டினர் என்பது இத்தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றாகும். 1978 சூன் மாதத்தில் தலைவர் கிம்பல் வெளிப்பாடு பெற்றதாக அறிவித்துத் தடையை நீக்கினார். முன்பு கூறப்பட்ட அக்காரணங்களைச் சபை ஏற்கவில்லை என 2013 இல் வெளியிட்ட கட்டுரையில் தெரிவித்தது.

பிறர் நோக்கு

கத்தோலிக்கம், மரபுவழித் திருச்சபைகள், சீர்திருத்தச் சபைகள் ஆகியவற்றின் இறையியலாளர் பலர், திரித்துவ மறுப்பையும், கடவுளும் மனிதரும் ஒரே இனத்தவர் என்னும் கருத்தையும் முதன்மையான வேறுபாடுகளாகக் காட்டுகின்றனர். படைத்தவருக்கும் படைக்கப்பட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை இது அழிக்கின்றது என்பது அவர்களது வாதமாகும். மார்மனியர் செய்யும் திருமுழுக்குச் செல்லாது என 2001 இல் வத்திக்கான் அறிவித்தது. தாம் கிறித்தவரே என்பதும், தொடக்கத் திருச்சபையின் மெய்யான போதனை தம்மிடம் மீட்டளிக்கப்பட்டது என்பதும் மார்மனியரின் நிலைப்பாடு ஆகும்.

இறந்தோருக்கான திருமுழுக்கு யூதரிடையே கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. யூத இனவழிப்பில் கொல்லப்பட்டோருக்கு இச்சடங்கு செய்யப்பட்டது தெரியவந்தபின், அதனை நிறுத்துவதாக 1995 இல் சபை யூத அமைப்புகளுடன் உடன்பாடு செய்தது. யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டவர்களின் அடையாளத்தை இறந்தபின்னும் மாற்ற முயல்வதாக இது உணரப்பட்டது. அதன் பின்னரும் மீறல்கள் நிகழ்ந்தன. நாசிக் குற்றவாளிகளைத் தேடிய சைமன் வீசந்தாலின் பெற்றோருக்கு இச்சடங்கு செய்யப்பட்டமைக்காக 2012 இல் சபை மன்னிப்புக் கோரியது.

மார்மனியத்தின் பிற பிரிவுகள்

ஜோசப் ஸ்மித்தின் இறப்புக்குப் பின் அவரைப் பின்பற்றியோர் பல பிரிவுகளாகப் பிரிந்தனர். இவற்றுள் இரண்டாவது பெரிய பிரிவு, 2001 முதல் கிறிஸ்துவின் சமூகம் என்னும் பொருள்படும் பெயரைக் கொண்டுள்ளது. மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்சு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இச்சபை திரித்துவத்தை ஏற்கின்றது. இறந்தோருக்கான திருமுழுக்கு இங்கு நடைபெறுவதில்லை. ஆகவே இக்கட்டுரையில் கூறப்பட்டவை ஜோசப் ஸ்மித்தைத் தோற்றுநராகக் கொண்ட எல்லாச் சபைகளுக்கும் பொருந்துவன அல்ல.

இவற்றையும் பார்க்க

* ஜோசப் ஸ்மித்
* மார்மன் நூல்
* திரித்துவம்
* உயிர்த்தெழுதல்